வாம்மாவும் வாங்கம்மாவும்

பேச்சுத் தமிழில் ஓர் ஆணைக் குறிக்க மூன்று படிகள் உண்டு: அவன் வந்தான், அவரு வந்தாரு, அவங்க வந்தாங்க. பெண்ணைக் குறிக்க இரண்டே படிகள்: அவ வந்தா, அவங்க வந்தாங்க. நடுவில் ஒரு படி இல்லை. எழுத்தில் ‘அவர்’ இருபாலுக்கும் பொது என்று படித்திருக்கிறோம். பேச்சில் ‘அவரு’ என்றால் ஆண்தான். பால்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ தெரிந்த மனிதர் என்ற அளவில், தூக்கிவைக்காமலும் தாழ்த்தாமலும் சொல்ல ‘அவரு’ போதும். அதே இடத்தில் ஒரு பெண் நின்றால் நாக்கு தடுமாறுகிறது. தடுமாறிய நாக்கு பெரும்பாலும் அஃறிணைக்குப் போய்விடுகிறது: அந்தம்மா வந்துச்சு, அந்தப் பொண்ணு சொல்லுச்சு, அது இன்னிக்கு லீவு.

இந்த ‘வந்துச்சு’வை வசவு என்று ஒதுக்கிவிட முடியாது. ‘எங்கம்மா வந்துச்சு’ என்பதில் பாசம் இருக்கிறது. ‘அவ’ என்று சொல்லக் கூசுகிறவர்கள்தான் பல சமயம் ‘அது’வுக்குப் போகிறார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்பா ‘வந்தாரு’தான். அஃறிணை முடிவு குழந்தைக்கும் பெண்ணுக்கும் மட்டும் ஏன் பாசமாகிறது என்று யாரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத் தமிழ் இந்த நடுப்படியைப் பெண்ணுக்கும் வைத்திருக்கிறது. அங்கே ‘அவள்’ தாழ்ந்தது, ‘அவ’ மதிப்புள்ளது. ‘ரீச்சர் வந்தவ’ என்றால் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். முன்னிலையிலும் அப்படியே: நீ, நீர், நீங்கள், வா, வாரும், வாங்கோ. ஆனால் படி இருந்துவிட்டால் சமம் வந்துவிடாது. பல வீடுகளில் கணவர் மனைவியை ‘நீர்’ என்றும், மனைவி கணவரை ‘நீங்கள்’ என்றும் அழைப்பதே அங்கும் பழைய வழக்கம். ஏணியில் ஒரு பலகை கூடுதல். நிற்கும் வரிசை அதே வரிசை.

எனவே எந்தச் சொல் உயர்ந்தது என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு விளி பெண்ணின் காதில் எப்படி விழுகிறது, எப்போது மரியாதையாகிறது, எப்போது மரியாதையின் உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறது என்பதுதான் எடைபோட வேண்டியது.

என் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழ் தொடர்பாக அம்மாவும் தம்பியும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். இருந்தது ஒரே நாற்காலி. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தம்பியைப் பார்த்து, “உட்காருங்க சார், சொல்லுங்க” என்றார். என்னைப் பார்த்து, “நீ பொண்ணாம்மா?” அம்மாவிடம் படிவத்தைத் தள்ளி, “இங்க கையெழுத்துப் போடும்மா, போடத் தெரியும்ல?” அம்மா அரசுப் பள்ளியில் 30 வருடம் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்டார். தம்பி நாற்காலியை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தான்; அவர் உட்காரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது நான் பொருமிக்கொண்டிருந்தேன். தம்பி, “அவர் அம்மான்னுதானே சொன்னாரு” என்றான். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “அம்மான்னுதான் சொன்னாரு. ஆனா போடுன்னு சொன்னாரு.”

இதைவிடக் கூர்மையான இலக்கணக் குறிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தமிழில் மரியாதை இரண்டு இடங்களில் உட்காரலாம். ஒன்று, விளிக்கும் பெயர்: அம்மா, அக்கா, மேடம். மற்றது, வினையின் முடிவு: போடு, போடுங்க. பெண்களுக்குக் கொடுக்கப்படும் மரியாதை பெரும்பாலும் முதல் இடத்தோடு நின்றுவிடுகிறது. சொல்லும்மா, உட்காரும்மா, தள்ளிப் போம்மா, கத்தாதம்மா. பெயர் ‘தாய்’ என்கிறது. வினை ‘ஏவலாள்’ என்கிறது. ஆணுக்கும் ‘சொல்லுப்பா’ உண்டு. ஆனால் அது பெரும்பாலும் இளையவனுக்கும் கூலி வேலைக்காரருக்கும். சட்டை இஸ்திரி போட்டிருந்தால் ‘சொல்லுங்க சார்’. பெண் எத்தனை இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாலும் ‘சொல்லும்மா’ வரக்கூடும். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பேருந்துகளில் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். ‘ஏம்மா, உள்ள தள்ளிப் போ’ என்பதில் ‘அம்மா’ இருப்பதால் அந்த வாக்கியம் எவ்வளவு மென்மையாகிறது? கொஞ்சம் ஆகிறது. ‘ஏய்’ என்பதற்குப் பதில் ‘ஏம்மா’ வந்தது ஒரு வளர்ச்சிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ‘தள்ளிப் போங்கம்மா’ என்று சொல்லும் நடத்துனர்களும் அதே வழித்தடத்தில் இருக்கிறார்கள். பெண்கள் யாரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மரியாதை மொழியைப் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் தனி நூலாக்கிய ஆய்வு. அதன் மூன்று அடிப்படை மொழிகளில் ஒன்று தமிழ்; கோவைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் சேகரித்த பேச்சு. ஒவ்வொரு மனிதருக்கும் இரண்டு விருப்பங்கள் உண்டு என்கிறது அந்த ஆய்வு: நம்மவர் என்று சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும், நம் பாட்டுக்கு நம்மை விட்டுவைக்கவும் வேண்டும். முன்னதை நிறைவேற்றும் மரியாதை ஒன்று, பின்னதை நிறைவேற்றும் மரியாதை வேறொன்று. அக்கா, அம்மணி, தாயி, ஆத்தா எல்லாம் சேர்த்துக்கொள்ளும் மரியாதை. ‘ங்க’ விட்டுவைக்கும் மரியாதை. என் கணிப்பில், தமிழ்ப் பெண்ணுக்கு முதல் வகை அள்ளி அள்ளிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது வகை கணக்குப் பார்த்து அளக்கப்படுகிறது. அவள் எல்லோருக்கும் உறவு. யாருக்கும் அந்நியராக இருக்க அவளுக்கு அனுமதியில்லை. அந்நியருக்கு உரிய இடைவெளி கிடைக்காததால்தான் கடைக்காரர் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்கிறார், பக்கத்து இருக்கைக்காரர் எத்தனை பிள்ளை என்று கேட்கிறார். அம்மா என்று அழைத்தவருக்கு இதெல்லாம் கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது.

எதிர்வாதம் வலுவானது. உறவுச் சொல் பெண்ணுக்கு வேலியும்கூட. இரவு 9 மணிக்கு ஆட்டோவில் ஏறும் பெண் “அண்ணா, கோயம்பேடு போகணும்” என்கிறாள். அந்த ‘அண்ணா’வில் பாசமும் இல்லை, பணிவும் இல்லை, இந்த முறையில் என்னிடம் நடந்துகொள் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஓட்டுநர் “சொல்லும்மா” என்று திருப்பும்போது அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து விழுகிறது. பல பெண்கள் ‘மேடம்’ என்பதைவிட ‘அக்கா’வை விரும்புவதற்கு இதுவே காரணம். இந்தப் பாதுகாப்பைப் பறித்துவிட்டு, எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழையுங்கள் என்று உத்தரவு போடுவது பெண்ணைத் தெருவில் தனியாக நிறுத்துவதாகும். ஆனால் பாதுகாப்பு உறவு முறையிலிருந்து வர வேண்டியிருப்பது நம் ஊரின் குறைதானே? அக்காவாக இல்லாத பெண்ணும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும். வேலி தேவைப்படும்வரை வேலி இருக்கட்டும். வேலியை நிலம் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வேலிக்கு ஒரு பழைய விலைச்சீட்டு பெரிய புராணத்தில் இருக்கிறது. காரைக்காலில் புனிதவதியின் தெய்வத்தன்மையைக் கண்ட கணவன் பரமதத்தன் அஞ்சி விலகிப் போகிறான், பாண்டி நாட்டில் வேறு மணம் செய்கிறான், மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான், அவள் வந்தபோது மனைவி மகளோடு காலில் விழுகிறான். எவ்வளவு பெரிய மரியாதை! அந்த மரியாதையோடு அவள் இல்லறம் முடிந்துபோகிறது. உடலின் அழகை உதறிப் பேய் உரு ஏற்று அவள் கயிலை சேர்ந்தபோது சிவன் அவளை அம்மை என்று அழைக்கிறான். அவள் அவனை அப்பா என்று அழைக்கிறாள். இந்தக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதில் விளி. காலில் விழுந்த கணவனுக்கு அவள் திருப்பிக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. அம்மை என்றழைத்தவனுக்கு அப்பா என்று திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஒரு சொல் போகிறது, அதே எடையுள்ள சொல் வருகிறது.

திரும்பி வருமா என்ற இந்தக் கேள்வியை 1960இல் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்களை வைத்துக் கேட்டார்கள். இருவரும் ஒரே சொல்லைப் பரிமாறினால் தோழமை. ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் சொன்னால் அதிகாரம். தமிழ்க் குடும்பத்தில் இதை நிறுத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ‘என்னங்க’, ‘ஏங்க’, ‘வாங்க’ ஒரு பக்கம். ‘ஏய்’, ‘இந்தா’, ‘வாடி’ மறுபக்கம். கணவன் பெயரைச் சொல்லாமல் வாழ்ந்த பாட்டிகள் ரேஷன் கார்டுக்காகக் கணவர் பெயர் கேட்கப்பட்டபோது பேரனைப் பார்த்து ‘நீ சொல்லுடா’ என்றார்கள். இன்று கணவனை ‘வாடா’ என்று அழைக்கும் மனைவிகள் இருக்கிறார்கள். அது மாமியாரின் காதில் விழுந்தால் ஒரு வாரம் வீட்டில் பேச்சு இருக்காது. அதே மாமியாருக்குத் தன் மகன் மருமகளை ‘வாடி’ என்பது உறுத்துவதில்லை. ‘டி’யைப் பற்றிப் பெண்களுக்கு ஒரே உணர்வு இல்லை. தோழி சொன்னால் அது தோளில் விழும் கை. கணவன் சொல்வதில் நெருக்கம் இருக்கலாம், அவள் ‘டா’ சொல்ல முடிகிற வீடாக இருந்தால். அந்நியன் சொன்னால் அடி. ஒரே எழுத்து, அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா என்பதுதான் மூன்றையும் பிரிக்கிறது.

இதில் எனக்கே தெளிவாகாத இடம், அம்மா. பெரும்பாலான தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு அப்பா ‘நீங்க’, அம்மா ‘நீ’. அம்மாக்களைக் கேட்டால் அதுதான் பிடிக்கும் என்கிறார்கள். மகன் ‘நீங்க’ என்றால் யாரோ பேசுவதுபோல் இருக்கிறதாம். அதை நம்புகிறேன். தமிழில் ‘நீ’ பிறவியிலேயே தாழ்ந்த சொல்லும் அல்ல. மாரியம்மனையும் முருகனையும் நாம் ‘நீ’ என்றுதான் கும்பிடுகிறோம். ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கண நெறி ஆகாது என்று தொல்காப்பியமே கிளவியாக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறது. ஆனால் ‘நீ’ என்பது அன்பு மட்டும்தான் என்றால், அந்த அன்பு அப்பாவுக்கு ஏன் இத்தனை தலைமுறை மறுக்கப்பட்டது? இப்போது பல நகரத்து வீடுகளில் மகள்கள் அப்பாவையும் ‘நீ’ என்கிறார்கள், அப்பாக்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அம்மாவை ஏற்றிச் சமமாக்காமல் அப்பாவை இறக்கிச் சமமாக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. இருவருக்கும் ஒரே சொல் என்பது வந்துவிட்டது.

வீட்டுக்கு வெளியே, பொதுவாழ்வில், கணக்கு இன்னும் மோசம். 1938 நவம்பர் 13ஆம் தேதி சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. பெண்கள் தேர்ந்தெடுத்த சொல்லில் ஆணும் இல்லை, உறவும் இல்லை. பெருமை மட்டும் இருந்தது. அந்த மேடையில் தலைமை வகித்தவருக்குத் தமிழ்ச் சமூகம் கொடுத்த அடைமொழியோ ‘அம்மையார்’. ஆண் தலைவர்களுக்கு அறிஞர், கலைஞர், மூதறிஞர் என்று திறனைச் சொன்னார்கள். ‘அண்ணா’ போன்ற உறவுப் பெயர்களும் உண்டு, ஆனால் அவருக்குக் கூடவே ‘பேரறிஞர்’ இருந்தது. பல முறை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவுக்குக் கட்சிக்காரர்கள் வாயில் நிலைத்தது ‘அம்மா’. அரசுக் குறிப்புகளில் பெயருக்கு முன்னால் கடைசிவரை ‘செல்வி’. 68 வயதில், மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில், அவர் மணமாகாதவர் என்பதை அந்தக் குறிப்புகள் அறிவித்துக்கொண்டிருந்தன. மணமாகாத ஆண் முதலமைச்சரும் தமிழ்நாட்டுக்கு இருந்தார். காமராஜர் பெயருக்கு முன்னால் அப்படி ஓர் அடையாளம் தேவைப்படவில்லை.

திருமதி, செல்வி என்ற பிரிவைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இல்லை. அது போக வேண்டும். மேற்கு ஜெர்மனி 1972இலேயே மணமாகாத பெண்ணுக்கான தனி அடைமொழியை அலுவலகங்களிலிருந்து நீக்கியது. பிரான்ஸ் 2012இல் நீக்கியது. நமக்கு அயலூரைப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி வந்தபோது வடமொழிப் பெண்பால் விகுதியை மட்டும் தமிழ்ச் சொல்லின் வாலில் விட்டுவைத்தோம். ‘திரு’ என்ற சொல்லுக்குத் திருமகள் என்றும் பொருள் உண்டு. பெண்ணின் பெயரான அந்தச் சொல்லை ஆணுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு, பெண்ணுக்கு வால் ஒட்டித் தருகிறோம். ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலுக்கும் உரியது என்று தொல்காப்பியம் சொல்வதுபோல் ‘திரு’வும் இருபாலுக்கும் இருக்கட்டும். ‘திருமிகு’ என்று இருபாலுக்கும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் ‘திரு’வே போதும். செய்தித்தாள்களும் பால் பார்த்து, தொழில் பார்த்து ‘அவள்’, ‘அவர்’ மாற்றுவதை விடவேண்டும். மாணவி ‘அவர்’, கைதான பெண் ‘அவள்’ என்றால், தீர்ப்பை நீதிமன்றத்துக்கு முன்பே விகுதி எழுதிவிடுகிறது.

பெண்கள் என்று ஒரே சொல்லில் இதுவரை எழுதிவந்தேன். அது சரியில்லை. தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறு ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் அவருடைய பாட்டியை நிலக்காரர் வீட்டுச் சிறுவர்கள் பெயர் சொல்லி அழைத்து ஏவுவதையும், பாட்டி அந்தச் சிறுவர்களை ‘அய்யா’ என்று அழைத்து ஓடியாடி வேலை செய்ததையும் பதிவு செய்திருக்கிறார். இங்கே வயதும் தாய்மையும் செல்லுபடியாகவில்லை. ‘அம்மா’ என்ற விளியே எல்லாப் பெண்ணுக்கும் கிடைத்த சொத்து இல்லை. அதன் குறைகளை நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது, அதுகூட மறுக்கப்பட்ட பெண்கள் அந்தக் கணக்கில் இல்லாமல் போகிறார்கள். பட்டம் கிடைத்தாலும் போதவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த தலித் பெண், மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை ஊரே பார்த்தது. தலைவர் என்ற பட்டம் அவரிடம் இருந்தது. நாற்காலி மற்றவர்களிடம் இருந்தது.

ஆக, என் தீர்ப்பு இது. மேடம், அம்மா, அக்கா என்ற பெயர்களைப் பற்றிய சண்டை இரண்டாம்பட்சம். எது வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடமே விடலாம். ‘ஆன்ட்டி’ பிடிக்காதவரை ஆன்ட்டி என்று அழைக்காதிருப்பது கஷ்டமான காரியம் இல்லை. ஆனால் காவல் நிலையத்தில், மருத்துவமனையில், வங்கியில், தாலுகா அலுவலகத்தில், பேருந்தில், அதாவது ஒருவர் கையில் அதிகாரமும் மற்றவர் கையில் டோக்கனும் இருக்கிற ஒவ்வோர் இடத்திலும், ‘ங்க’ பெண்ணின் உரிமை. அது அன்பளிப்பு இல்லை. வயது, புடவை, சாதி பார்த்துக் கொடுப்பதும் இல்லை. அங்கே ‘அம்மா’ இல்லாத ‘ங்க’ போதுமானது. ‘ங்க’ இல்லாத ‘அம்மா’ போதாது. மற்ற இடங்களில், வீட்டிலும் நட்பிலும், ஒரே சோதனை: அதே சொல்லை அவள் திருப்பிச் சொன்னால் நீங்கள் தாங்கிக்கொள்வீர்களா?

இதை எழுதும்போது என்னையே அந்தத் தராசில் நிறுத்தவேண்டியிருந்தது. என் வீட்டில் வேலை செய்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டு வருடமாக நான் அவரைப் பெயர் சொல்லி வா, போ என்றேன். அவர் என்னை ‘அக்கா’ என்றார். சம்பளம் கொடுப்பவள் வயதில் மூத்தவளாகிவிடுகிறாள். ஒரு திங்கட்கிழமை, “வாங்கக்கா” என்றேன். கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: “நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனாக்கா? ஏன் வாங்க போங்கன்னு பேசுறீங்க?” வேறொரு வீட்டில் அவரை நிறுத்துவதற்கு முதல் நாள் அப்படித்தான் பேசினார்களாம். மரியாதை அவருடைய அனுபவத்தில் உறவு முடியப்போவதன் அறிகுறி.

பழையபடியே பேசிவிடலாமா என்று அன்று தோன்றியது. அது அவருக்குப் பிடித்த பேச்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடிந்திருக்கும். மாற்றவில்லை. காரணத்தைச் சொன்னேன், அவர் பாதிதான் நம்பினார். ‘வாங்க’ என்று ஆரம்பித்தபிறகு, டீயை வாசற்படியில் நின்று குடிப்பவரைப் பார்த்து ‘உட்காருங்க’ என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் உட்காரவில்லை. நாலாம் நாள் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைப் பக்கத்து நாற்காலியில் இன்னும் உட்காரவில்லை.